பெறாமகளும் கணினியும்

யாழ்ப்பாணத்து வழக்கிலே ஒரு பெண் தன் தமக்கையின் மகளைப் ‘பெறாமகள்’ என்று குறிப்பிடுவாள். தமையனின் மகளோ மருமகளாவாள். பெறாத மகள் என்னும் இச்சொல்லில் உரிமையும் விலகலும் ஒருங்கே அமைந்துள்ளன. மகள் என்பதனால் என் மடியில் ஏறியிருக்க அவளுக்கு உரிமையுண்டு. பெறாதவள் என்பதனால் அவள் கணக்கிற் பிழைவிட்டால் அது என் நெஞ்சைச் சுடுவதில்லை. பெற்ற தாய்க்கு அப்படியன்று. பிள்ளை ‘3’ என்னும் எண்ணை இடம்வலம் மாற்றி எழுதிவிட்டால் அந்தத் தாய்க்கு அன்றிரவு உறக்கமில்லை. சிறுபிள்ளையொன்றின் அருகிலிருந்து விளையாடுவதற்கு இந்த விலகல் எத்துணை உதவியானது என்பதை 2021ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலுள்ள எமது வீட்டிற் கண்டேன். அவ்விளையாட்டு கிளித்தட்டோ கெந்தித்தொட்டோ அன்று. பழைய கணினியொன்றின் முன்னிருந்து நாங்கள் ஆடிய, எழுத்தும் எண்ணும் பயிற்றும் மிக எளிய விளையாட்டுக்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அவ்வாண்டு எத்தகையது என்பதை இவ்விதழைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2020 ஒக்ரோபரிலே முகக்கவசத்தோடு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். எமது நாட்டிற் பரீட்சை மண்டபத்துக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடையே நீண்டதோர் இடைவெளியுண்டு. சிலர் அதில் ஆங்கிலம் படிப்பர். சிலர் தையல் பழகுவர். சிலர் திருமணஞ் செய்துகொள்வர். எனக்கு வாய்த்தவள் பெறாமகள். அவளுடைய தாய் தாதியாகப் பணிபுரிபவர். நோய்த்தொற்றுக் காலத்திலே தாதியொருவருக்கு வீடு என்பது உடுப்பு மாற்றும் இடமாகவே இருந்தது. தகப்பன் கட்டாரில். ஆகவே பிள்ளை அம்மம்மாவின் கையிலும் என் கையிலுமாக வளர்ந்தாள். 2021 பெப்ரவரியில் முதலாந் தரத்திற் சேர்ந்தாள். சித்திரை முடியுமுன்னரே பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் வழியாகக் கைபேசிக்கு வந்தன. ஆனால் அந்தக் கைபேசியோ தமக்கையோடு வேலைக்குப் போய்விடும். அதனால் காலைப் பாடம் எங்கள் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கே வந்து சேரும்.

அதற்கு முன்னரே அவளிடத்தில் ஒரு பழக்கம் ஊன்றியிருந்தது. எதைக் கேட்டாலும் விடை சொல்லுமுன் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தில் ஏதாவது மாற்றந் தெரிந்தால் விடையை மாற்றுவாள். ஒன்றும் தெரியாவிட்டாற் பேசாதிருப்பாள். கொப்பியில் எழுதும்போது எழுத்தை மற்றக் கையால் மறைத்துக்கொள்வாள். அவள் சென்ற முன்பள்ளியில், பிழையாக விடை சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்தி, ஏனைய பிள்ளைகளைக் கொண்டு சிரிக்கச்செய்யும் வழக்கம் இருந்ததென்று பின்னர் அறிந்தோம். நான்கு வயதிற் கற்பித்த அந்தப் பாடத்தை அவள் நன்றாகவே கற்றிருந்தாள்.

கணினி, கணனி, கணிப்பொறி என்றெல்லாம் நம்மவர் எழுதுவர். எந்தப் பெயர் நிலைபெறவேண்டும் என்பதை மொழியியலார் தீர்க்கட்டும். எமது ஒழுங்கையில் அது ‘கொம்பியூற்றர்’. எங்களிடம் வந்து சேர்ந்தது யாரோ கழித்துவிட்ட மேசைக்கணினி. உறவினர் ஒருவர் அதனைத் துடைத்து, விலை கொடுக்க வேண்டாத லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தந்தார். அதனோடு சேர்ந்து வந்ததே ‘ஜீகொம்ப்ரி’ என்னும் விளையாட்டுத் தொகுப்பு. பிரான்ஸ் நாட்டு மென்பொருளாளரான புறூனோ கூட்வான் என்பவர் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிவைக்க, பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து வளர்த்த படைப்பு அது. இரண்டு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கென நூற்றுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டுக்கள் அதில் உண்டு. ‘விளங்கிக்கொண்டேன்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியே அதன் பெயராயிற்று. தமிழிலும் தொண்டர்கள் அதனை மொழிபெயர்த்துள்ளனர். எம்மிடமிருந்த பதிப்பிலே தமிழ் அரைகுறையாக இருந்தது. தலைப்புக்களிற் சில தமிழில், பல ஆங்கிலத்தில். குரலோ முழுவதும் ஆங்கிலம். எனினும் அதில் விளம்பரம் இல்லை. அடுத்த படிக்குப் பணம் கேட்கும் பொத்தான் இல்லை. கைபேசி விளையாட்டுக்களோடு ஒப்பிடுமிடத்து இவ்விரண்டு இன்மைகளும் பெரிய செல்வமெனவே கருதுகின்றேன்.

முதலில் ஆடியது அழிக்கும் விளையாட்டு. திரையை மூடிநிற்கும் கட்டங்களின் மீது சுட்டியை நகர்த்த அவை ஒவ்வொன்றாக மறையும். அடியிலிருந்து ஒரு விலங்கின் படம் வெளிப்படும். சரியும் பிழையும் அதில் இல்லை. சுட்டியைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் என் கையை வைத்தேன். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தட்டிற் பரப்பிய அரிசியிலே பெரியவரொருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பாரல்லவா? கையின்மேற் கை வைக்கும் முறை அதுவேதான். ஆனால் அரிசியிலே விரல் சென்ற இடத்திற் கோடு விழும். இங்கே கை மேசைமீது நகர, அம்புக்குறி எதிரே கண்ணாடிக்குள் நகருகின்றது. வளர்ந்தோராகிய நாம் இதனைப் புதுமையாக எண்ணுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரியதொரு தாவல். முதல் மூன்று நாள்களும் சுட்டியை மேசையிலிருந்து தூக்கித் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தாள். நான்காம் நாள் என் கையை உதறினாள்.

“விடுங்கோ சித்தி, நான் செய்வன்.”

அந்த வீட்டிலே அவள் வாயிலிருந்து ‘நான் செய்வன்’ என்ற சொல் வெகுநாளாகக் கேட்டதில்லை. அம்மம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

லினக்சின் சின்னமாகிய பென்குவின் பறவை இவ்விளையாட்டுக்களில் அடிக்கடி தோன்றும். 1996இல் லறி யூயிங் என்பவர் வரைந்த அப்பறவைக்கு டக்ஸ் என்று பெயர். பெறாமகள் அப்பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. அயல்வீட்டிற் தாரா வளர்க்கின்றார்கள். படத்தைக் கண்டதும், “கோட்டுப் போட்ட தாரா” என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டிலே அதற்கு அதுவே பெயர்.

அடுத்த கிழமை எண்கள் தொடங்கின. திரையிலே சில பொருள்கள் தோன்றும். அவற்றை எண்ணி உரிய இலக்கத்தை அழுத்தவேண்டும். சரியாயின் மலர்ந்த பூவொன்று சிரிக்கும். பிழையாயின் அதே பூ முகம் வாடித் தோன்றும். முதன்முறை பூ வாடியபோது அவள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டாள். பிறகு வழமைபோல என் முகத்தைப் பார்த்தாள். நான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் அவளுக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. திரும்பித் திரையைப் பார்த்தாள். அந்தப் பூவுக்கோ இவளைப் பார்க்கத் தெரியாது. மற்றப் பிள்ளைகளை அழைத்துச் சிரிக்கச் சொல்லவும் தெரியாது. சற்றுநேரத்தில் அதே வினா மீண்டும் வந்து நின்றது. ‘முதலே சொன்னேனே’ என்னும் சலிப்பு அதில் இல்லை.

இவ்வாறு சில நாள்கள் கழிந்தபின் ஒரு மாலை அவள் விரல்களை மடக்கி ஆறு என்று எண்ணிவிட்டு, என்னைக் கடைக்கண்ணாற் பார்த்து, ஒன்பதை அழுத்தினாள். பூ வாடியது. வாய்விட்டுச் சிரித்தாள். மீண்டும் ஒன்று, பூ வாடியது. மீண்டும் எட்டு. பின்னர், “பாவம் பூ” என்று சொல்லி ஆறை அழுத்தி அதனைச் சிரிக்கவைத்தாள். வேண்டுமென்றே பிழைவிடுதல் என்பது பிழைக்கு அஞ்சிய பிள்ளையொன்று அடையக்கூடிய எத்துணைப் பெரிய நிலை! சரியான விடையை அறிந்தவரே வேண்டுமென்று பிழைவிட முடியும். அன்றைய கணக்கில் இயந்திரம் அவளுக்கு மூன்று பிழைகளைப் பதிந்திருக்கும். எனக்கு அவை மூன்று கைப்பிடி அரிசி.

இங்கே சிறிது நின்று, பிற்காலத்திற் கல்வியியல் விரிவுரைகளிற் கேட்டவற்றை இதனோடு பொருத்திப் பார்க்க விரும்புகின்றேன். கணினியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி எமது தலைமுறையிற் தொடங்கியதன்று. அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்திலே 1960ஆம் ஆண்டளவில் ‘பிளேற்றோ’ என்னும் கற்பிக்கும் கணினி முறைமை தோன்றிற்று. வினாவை விடுத்து, விடையைச் சோதித்து, சரியாயின் அடுத்த படிக்கு அனுப்புவது இவ்வகை இயந்திரங்களின் பொதுவான போக்கு. இதற்கு மாறான எண்ணமுடையவர் செய்மூர் பப்பேட். தென்னாபிரிக்காவிற் பிறந்து, ஜெனீவாவிலே பியாஜேயுடன் பணியாற்றிய பின் அமெரிக்கா சென்ற இவர், வோலி பேர்சைக், சிந்தியா சொலமன் ஆகியோருடன் இணைந்து 1967இல் ‘லோகோ’ என்னும் கணினி மொழியைப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார். ஓர் ஆமைக்கு ‘முன்னே போ, வலப்பக்கம் திரும்பு’ என்று கட்டளையிட்டுப் பிள்ளை உருவங்களை வரையும். சதுரம் வரவேண்டிய இடத்தில் வேறேதும் வந்துவிட்டால், கட்டளையில் எது அப்படிச் செய்தது என்று தேடித் திருத்தும். கணினி பிள்ளையை ஆட்டிவைப்பதன்று, பிள்ளையே கணினியை ஆட்டிவைப்பது என்பதே 1980இல் வெளிவந்த அவரது நூலின் அடிப்படை. இந்த அளவுகோலை வைத்து நோக்கினால் எங்கள் ஜீகொம்ப்ரியின் பெரும்பகுதி பழைய வகையினதே. வினா, விடை, பூ. ஆயினும் பிள்ளை அப்பூவை ஆட்டிவைக்கக் கற்றுக்கொண்டாள். கருவி எவ்வகையினது என்பதைக் காட்டிலும் அதனைப் பிள்ளை என்ன செய்கின்றது என்பதைப் பார்க்க அருகிலே ஆள் இருப்பது மேலானதென்று நான் எண்ணுவதற்கு இதுவே காரணம். அருகில் எவரும் இல்லாதிருந்தால் ‘எண்ணத் தெரியாத பிள்ளை’ என்ற முடிவுக்கே வரவேண்டியிருந்திருக்கும்.

எழுத்து விழும் விளையாட்டு வேறொரு சிக்கலைக் கொணர்ந்தது. மேலிருந்து எழுத்தொன்று மெல்ல இறங்கும். நிலத்தைத் தொடுமுன் அதனை விசைப்பலகையில் அழுத்திவிடவேண்டும். ஆங்கில எழுத்துக்களை அவள் படங்களைப் போலப் பார்த்துத் தேடி அழுத்தினாள். தமிழுக்கு வந்தபோது உயிரும் மெய்யும் இடர்ப்படவில்லை. அப்பால், விளையாட்டை விட்டு வெறும் பக்கத்திலே ‘கொக்கு’ என்று எழுத முனைந்தோம். அவள் கொப்பியில் எழுதுவது எப்படி? முதலிற் கொம்பு, பிறகு ‘க’, பிறகு அரவு. கை செல்லும் ஒழுங்கு அது. பழைய பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்தோரும் அவ்வொழுங்கிலேயே தட்டினர். யுனிகோட் முறையிலோ எழுத்தின் தோற்றம் எவ்வாறிருப்பினும் மெய்யே முதலில் நிற்கும். உயிரின் குறி பின்னரே வரும். ‘க’வை அழுத்திய பின்னர், முன்னே நிற்கவேண்டிய கொம்பு எங்கிருந்தோ பாய்ந்து வந்து முன்னே நின்றதைக் கண்டு அவள் திகைத்தாள்.

“சித்தி, கொம்பு பிந்தி வந்திட்டு முன்னுக்குப் போய் நிக்குது. வரிசையில நிக்கேல்லை.”

தமிழிலக்கணம் பயில்வோர் இவ்விடத்திற் சிரிக்கலாம். மெய்யின்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கின்றது என்று நாங்கள் மனனஞ் செய்து எழுதுகின்றோம். காதுக்கு ‘க்’ முந்தி, ‘ஒ’ பிந்தி. கண்ணுக்குக் கொம்பு முந்தி. இயந்திரம் காதின் பக்கம் நிற்கின்றது. எமது கை கண்ணின் பக்கம் நிற்கின்றது. இந்த வேறுபாட்டை எனக்குக் காட்டியது, சங்கக்கடை வரிசையிற் பிந்தி வந்து முந்தி நிற்போரைக் கண்டு பழகிய ஒரு பிள்ளையின் முறைப்பாடுதான்.

ஆனால் என்னை அதிகஞ் சிந்திக்கவைத்தது நீர்வட்ட விளையாட்டே. கோட்டுப் போட்ட தாரா படகிலே மீன்பிடித்துவிட்டு வீடு திரும்புகின்றது. குளிக்கவேண்டும்; குழாயில் நீரில்லை. பிள்ளை ஞாயிற்றைத் தொட்டால் வெயில் ஏறி நீராவி எழும். முகிலைத் தொட்டால் மழை பொழியும். மழை மலையிலிருந்து ஆறாக ஓடிவரும். நீரேற்று நிலையத்தைத் தொட்டால் நீர் உயர்ந்த தாங்கிக்குப் போகும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தையும் இயக்கிய பின்னரே தாராவுக்குக் குளிப்பு. அழகிய விளையாட்டு, காரணமும் காரியமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைக் கண்முன் காட்டுவது. பெறாமகள் அனைத்தையும் சரியாகச் செய்து, தாராவைக் குளிக்கவைத்தாள். பூ சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படத்தின் மூலை முடுக்கெல்லாம் அம்புக்குறியை ஓட்டித் தேடினாள்.

“கிணறு எங்கை சித்தி?”

அந்தப் படத்திலே கிணறு இல்லை. மலையும் ஆறும் உள்ள நாட்டுக்கு அது போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மலையுமில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மீது நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. அதனைக் கிணற்றால் எடுத்துக் குடிக்கின்றோம்; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவரும். நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். இத்தனையையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பில் கென்ட்ரிக் என்பவர் 2002இற் பிள்ளைகளுக்கென ஆக்கிய ‘டக்ஸ் பெயின்ற்’ என்னும் வரைதற் செயலியும் அக்கணினியில் இருந்தது. அதைத் திறந்தோம். அவள் வீட்டை வரைந்தாள். நான் நிலத்தின் கீழே கல்லை வரைந்தேன். கல்லினூடே மழையை இறக்கினோம். அதன் கீழே கடலை வைத்தோம். அவள் வட்டமாகக் கிணறு வரைந்து, எங்கள் வளவிலே துலா போனபின்னும் எஞ்சி நிற்கும் துலாக்காலையும் மறவாமற் சேர்த்தாள். இறுதியிலே தாராவைக் கிணற்றுக்கட்டில் நிறுத்தி வாளியால் அள்ளிக் குளிக்கவிட்டாள். கோட்டைக் கழற்றவேண்டுமே என்று அம்மம்மா கேட்டார். அதற்கு விடை கிடைக்கவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்திலே அவளைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு அராலிப் பக்கம் சென்றேன். குடாநாட்டிலே ஆறு என்று பெயர் பெற்றவற்றுள் வழுக்கையாறும் ஒன்று. மாரியில் நீரோடிக் கடனீரேரியிற் கலக்கும். கோடையிலே ஆடு மேயும். வெள்ளம் ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, “இது எப்ப நிக்கும்?” என்று கேட்டாள். தையிலோ மாசியிலோ நிற்கும் என்றேன். ஆறு நிற்கும் என்பதை எந்தக் கணினியும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த அறிவுக்கு உள்ளூரிலே கிணறு வெட்டவேண்டிய நிலை வட்டுக்கோட்டைக்குப் புதிதன்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் இங்கு நிறுவிய செமினரியிலே, 1855இல் அது மூடப்படும்வரை, கணிதமும் வானியலும் ஆங்கிலத்தோடு தமிழும் பயிலப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அதன் மாணவர்களே. 1847இலே இவ்வூருக்கு வந்துசேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தம் மாணவர்களோடு தமிழாக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் உரிய சொற்களைத் தமிழில் தேடித் தேடி அமைத்த அந்த உழைப்பை நினைக்கும்போது, விளையாட்டுத் தொகுப்பொன்றின் பாதித் தமிழ்ப் பட்டியலைக் கண்டு நாம் வாளாவிருப்பது வியப்பாகவே இருக்கின்றது. தொண்டர்கள் எவரும் திருத்தலாம், எவரும் மொழிபெயர்க்கலாம் என்று திறந்து வைக்கப்பட்ட படைப்பு அது. தமிழ்க் குரல் கொடுக்க இப்பல்கலைக்கழகத்தில் நாவன்மையுள்ளோர்க்குக் குறைவுமில்லை.

2022ஆம் ஆண்டு பிறந்தது. எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரமும் இல்லை என்ற நிலை வந்தது. மார்ச் மாத இறுதியிலே ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு. மின்கலம் இல்லாத எங்கள் மேசைக்கணினி விளையாட்டின் நடுவிலே கண்ணை மூடிவிடும். முதலில் அழுதாள். அப்பா அவளைத் திண்ணையில் இருத்தித் தம் காலத்துக் கதை சொன்னார். 1990க்குப் பின் ஆண்டுக்கணக்காகக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாதிருந்த காலம். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம். “அப்ப சைக்கிளிலை கொம்பியூற்றரும் போடலாமோ?” என்று அவள் வினவ, அப்பா அதைப்பற்றி உண்மையாகவே சிறிது நேரம் யோசித்தார்.

இருளிலே அம்மம்மா கொக்கான் கற்களை எடுத்தார். ஐந்து கற்களுள் ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் நிலத்திலுள்ளவற்றை அள்ளவேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின்னர் இரண்டிரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கும் ஒருங்கே. நான்கு என்னும் எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கையும் அதனைக் கற்றுக்கொள்கின்றது. இதனாற் கணினி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சிறுபிள்ளைகள் திரைமுன் நெடுநேரம் அசையாதிருத்தல் நன்றன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலே ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு விடுத்த வழிகாட்டலை நான் அறிவேன். எங்களிடத்திலோ மின்சாரசபையே அந்த வழிகாட்டலைச் செயற்படுத்திவந்தது.

அப்படியான ஓரிரவிலேதான் அவள் புதிய விளையாட்டொன்றைக் கண்டுபிடித்தாள். தானே கணினியாக இருப்பாள். மண்ணெண்ணெய் விளக்கின் பக்கத்திலே சப்பாணி கொட்டி அமர்ந்து, இரண்டு கைகளையும் கன்னத்தருகே இதழ்போல விரித்துக்கொண்டு வினாக் கேட்பாள். அம்மம்மா விடை சொல்லவேண்டும். சரியாயின் விரல்கள் விரியும். பிழையாயின் தலையோடு சேர்ந்து விரல்களும் சோர்ந்து மடியும். அம்மம்மாவுக்கு ஏழும் ஐந்தும் எத்தனை என்று தெரியாமலில்லை. பேத்தியின் பூ வாடுவதைக் காண விரும்பி, “பதினொண்டு” என்றார். விரல்கள் மடிந்தன. ஆனால் மடிந்த கைகளுக்குள்ளிருந்து கணினி தலையை நிமிர்த்திக் கேட்டது:

“ஏன் அம்மம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

எட்டு மாதங்களாக நாங்கள் ஆடிய விளையாட்டுக்களில் ஒன்றேனும் அவளிடம் இவ்வினாவைக் கேட்டதில்லை. பூவுக்கு அது தெரியாது. முன்பள்ளியிலும் கேட்டதில்லை. அதை எங்கிருந்து எடுத்தாள் என்று இன்றும் துணிந்து கூறமாட்டேன். அவள் வேண்டுமென்று ஒன்பதை அழுத்திய மாலைகளில் நான் கடலையைக் கொறித்தபடி, “ஏன் பிள்ளை ஒன்பது?” என்று கேட்டிருப்பேன், கேட்கும் வழக்கம் எனக்குண்டு. அம்மம்மாவோ அந்த வினாவுக்குத் தயாராயிருக்கவில்லை. சிறிது தடுமாறி, “ஒரு விரல் சேலைக்குள்ளை போட்டுது” என்றார். கணினிக்கு அவ்விடை போதுமானதாயிருந்தது. மீண்டும் எண்ணுமாறு பணித்தது.

அவ்வாண்டிலேயே எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. விடுமுறைகளில் மட்டுமே அவளோடிருக்க முடிந்தது. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் ஒரு தரம் உயர்ந்திருந்தாள். கணினியின்மேற் போர்த்திய துணி மேலும் ஒரு படி மங்கியிருந்தது. நாலாந் தரத்தில் வகுப்புக்கள் தொடங்கின. பாடசாலை முடிய ஒரு வகுப்பு, சனி ஞாயிறுகளில் வேறிரண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எமது சமூகத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளதென்பதை நாமனைவரும் அதற்குள்ளாற் சென்று அறிந்தவர்களே. வெட்டுப்புள்ளி என்னும் சொல்லைப் பத்து வயதிற் கற்றவர்கள் நாங்கள். அவளுடைய பரீட்சை 2025 ஆகஸ்டில் நடைபெறவிருந்தது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர் நான் வீட்டிலிருந்தேன். மேசையில் மாதிரி வினாத்தாள்கள் குவிந்திருந்தன. அவள் எழுதும்போது மற்றக் கையாற் தாளை மறைப்பதைக் கண்டேன்.

திருத்தப்பட்ட தாளொன்றை எடுத்துப் புரட்டினேன். பொருத்தமில்லாத ஒன்றைத் தெரிவுசெய்யும் வினா: ஆறு, குளம், கிணறு, கடல். எதிர்பார்த்த விடை கடல். உவர்நீர் என்பது காரணம். அவள் ஆற்றைத் தெரிந்திருந்தாள். சிவப்பு மையினாற் குறுக்குக்கோடு.

“ஏன் பிள்ளை ஆறு எண்டு போட்டனீங்கள்?”

என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மற்றதெல்லாம் ஒரு இடத்திலை நிக்கும். ஆறு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.”

“உதை வகுப்பிலை சொன்னனீங்களோ?”

“அவை கேக்கேல்லை சித்தி.”

நான் குறுக்குக்கோட்டின் பக்கத்திலே பென்சிலாற் சிறியதொரு பூ வரைந்தேன். அது மலர்ந்ததா வாடியதா என்று தெரியாதபடி அமைந்துவிட்டது. அவள் அதனைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அதில் நாற்பது வினாக்கள் இருந்தன.